பராக்கு பார்க்கும் பிள்ளையைக் கண்டிக்கலாமா? பகல் கனவில் உங்கள் அனுபவம் என்ன?

கூடுவாஞ்சேரி அம்மா

வணக்கம். என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். நேற்று அவனுடைய பள்ளி டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்: "வகுப்பில் கவனம் இல்லை. எப்போதும் ஜன்னல் வழியே பராக்கு. கண்டிக்கவும்." ஆறு மாதமாகவே இப்படித்தான் இருக்கிறான். வீட்டிலும் சோறு பிசைந்த கை தட்டிலேயே இருக்கும், கண் வேறெங்கோ போயிருக்கும். குறும்பு கிடையாது, அடம் கிடையாது. மதிப்பெண்தான் 70இலிருந்து 50க்கு வந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் கண்டிக்க மனம் வரவில்லை. சின்ன வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து எதிர்வீட்டு ஓட்டைப் பார்த்தபடியே ஒரு மத்தியானம் முழுக்கப் போயிருக்கிறது. அந்த நேரம் எனக்கு ஏதோ கொடுத்தது என்று உள்ளுக்குள் தெரிகிறது, என்ன கொடுத்தது என்று கேட்டால் சொல்ல வரவில்லை. இப்போது அந்த மாதிரி ஐந்து நிமிடம்கூட எனக்கு இல்லை. பால் பொங்கக் காத்திருக்கும்போதும் கையில் போன்தான்.

பகல் கனவு உங்களுக்கு உதவியிருக்கிறதா, கெடுத்திருக்கிறதா? உண்மையாகச் சொல்லுங்கள்.

---

வரவு செலவு

சகோதரி, எனக்குக் கெடுத்திருக்கிறது. அதனால் சொல்கிறேன், கண்டியுங்கள்.

பஞ்சதந்திரத்தில் ஒரு கதை உண்டு. பானை நிறைய மாவு வைத்திருந்தவன் அதைத் தொங்கவிட்டுக் கீழே படுத்துக்கொண்டு, இதை விற்று ஆடு, ஆட்டை விற்று மாடு, அப்புறம் வீடு, மனைவி, மகன் என்று கட்டிக்கொண்டே போவான். கனவிலேயே மனைவி மேல் கோபம் வந்து காலை உதைப்பான், பானை உடைந்து மாவு முழுக்க அவன் மேல் கொட்டும். நானும் அதைத்தான் செய்தேன். 25 வயதில் சொந்தமாக அச்சகம் வைப்பதாக நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். பெயர்ப்பலகையின் நிறம்கூட முடிவாகிவிட்டது. வங்கிக் கடன் மனு மட்டும் கடைசி வரை எழுதவில்லை. நினைப்பிலேயே வயிறு நிறைந்துவிட்டது. இன்று 52 வயதாகிறது, அடுத்தவர் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

---

பழைய வாத்தியார்

அம்மா, நான் தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் 34 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். உங்கள் பையனைப் போன்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நிறைய அடித்தும் இருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு பையன் மூன்றாம் பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருவான். வெளியே வேலி ஓரமாக வாய்க்கால் ஓடும், பார்வை அதிலேயே இருக்கும். ஒருநாள் பொறுக்காமல் அவனை எழுப்பி, "கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறேன், சொல்" என்றேன். சொல்லத் தெரியவில்லை. பெஞ்ச் மேல் ஏற்றினேன். மணி அடித்த பிறகு மெதுவாக வந்து கேட்டான்: "சார், நீங்க போன வாரம் சொன்ன தொட்டிக் கணக்குல ஒரு குழாய் தண்ணி விடுது, ஒரு குழாய் காலி பண்ணுது. நம்ம வாய்க்கால்ல மடை திறந்தா வயலுக்கும் போகுது, மண்ணுக்குள்ளயும் இறங்குது. அப்ப அதுவும் அந்தக் கணக்குதானே?" நான் பத்து வருடமாக நடத்தின கணக்கு அது. ஒருநாளும் வாய்க்காலைப் பார்த்து எனக்கு அது தோன்றியதில்லை.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நிற்பேன். யாரும் எழுதக் கூடாது, பேசக் கூடாது, எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் வாரம் சிரிப்பும் கிசுகிசுப்புமாகப் போனது, அப்புறம் பழகிவிட்டது.

இருந்தாலும் பராக்கு பார்க்கும் எல்லாப் பிள்ளையும் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சிலருக்குப் பலகை தெரியாது, கண்ணாடி வேண்டியிருக்கும். சிலருக்குப் பாடம் பிடிபடாமல் மனம் ஓடிவிடும். சிலருக்கு வீட்டில் ஏதாவது இருக்கும். ஆறு மாதம் என்கிறீர்களே, ஆறு மாதத்துக்கு முன் அவன் வாழ்க்கையில் ஏதாவது நடந்ததா? யோசித்துப் பாருங்கள்.

---

தையல் அக்கா

வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் ஜாக்கெட் தைக்கிறவள், 19 வருடமாக. வெட்டும்போது வேறு நினைப்பே இருக்கக் கூடாது, கத்தரி ஒரு நூல் தவறினாலும் துணி போச்சு. ஆனால் ஹெம்மிங் செய்வதும் கொக்கி வைப்பதும் வேறு வேலை. கை அது பாட்டுக்கு ஓடும், மனமும் அது பாட்டுக்கு ஓடும்.

போன வருடம் ஒரு அம்மா அவருடைய மாமியாரின் கல்யாணப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்தார். அதிலிருந்த ஜாக்கெட் துணியைத் தைக்காமலே வைத்திருந்திருக்கிறார்கள், 80 செ.மீ., அரக்கு நிறம். ஒரே பக்கம்தான் சரிகைக் கரை. அந்தக் கரையில் எலி கடித்து இரண்டரை அங்குலத்துக்கு ஓட்டை. இரண்டு கைக்கும் கரை வர வேண்டும் என்றார். ஒரு கைக்கு 14 அங்குலம் வேண்டும். ஓட்டைக்கு இந்தப் பக்கம் 10 அங்குலம்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் 19. நான்கு நாள் துணியை விரிப்பதும் மடிப்பதுமாகவே போனது. முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஐந்தாம் நாள் வேறு ஒருவர் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மனம் அந்த மாமியார்ப் பாட்டியின் கல்யாணத்துக்குப் போய்விட்டது. பார்க்காத கல்யாணம்தான். தலை குனிந்து மணையில் உட்கார்ந்திருக்கிறார், கை இரண்டும் மடியில், முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண் எங்கே கையைத் தூக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நினைத்ததும் ஊசி நின்றுவிட்டது. கையைத் தூக்கவில்லை என்றால் கையின் அடிப்பக்கம் யாருக்கும் தெரியாது. 19இல் 14 போனால் 5 மிச்சம். அந்த 5ஐ 10ஓடு ஒட்டுப் போட்டால் தையல் போக 14 வந்துவிடும், ஒட்டு அக்குளுக்கு நேர் கீழே மறைந்துவிடும். அன்று மாலையே வெட்டிவிட்டேன். அந்த அம்மா வந்து போட்டுப் பார்த்தபோது ஒட்டு எங்கே என்று நானே தேட வேண்டியிருந்தது.

நான்கு நாள் முறைத்துப் பார்த்துக் கிடைக்காத வழி அது. அந்தப் பாட்டியின் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்ததில்தான் கிடைத்தது.

---

நரம்பியல் வாசகன்

தையல் அக்கா, உங்களுக்கு நடந்தது மூளை ஆய்வாளர்கள் சொல்வதோடு அப்படியே பொருந்துகிறது. நான் இத்துறையில் படிப்பவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. ஒரு கடினமான வேலையைக் கொடுத்தாலும் அந்தச் செலவு சிறிதளவே கூடுகிறது. அப்படியென்றால் சும்மா இருக்கும்போதும் அது சும்மா இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரெய்க்கிள் குழுவினர் இதைத்தான் கவனித்தார்கள். எந்த வேலையும் தராமல் ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தால் மூளையின் சில பகுதிகள் சுறுசுறுப்பாக இருந்தன. வேலை கொடுத்ததும் அதே பகுதிகள் அடங்கின. 2001இல் இதை 'டீஃபால்ட் மோட்', அதாவது வேலை இல்லாதபோது மூளை தானாகத் திரும்பும் இயல்பு நிலை, என்று பெயரிட்டு எழுதினார்கள். பழையதை நினைப்பது, வரப்போவதைக் கற்பனை செய்வது, அடுத்தவர் மனதில் என்ன ஓடும் என்று ஊகிப்பது ஆகிய மூன்றிலும் இந்தப் பகுதிகள் வேலை செய்கின்றன. முகம் தெரியாத ஒரு மணப்பெண் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நீங்கள் யோசித்தது இதே வகைதான்.

2012இல் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பொருளை வழக்கத்துக்கு மாறாக எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று பலரிடம் எழுதச் சொன்னார்கள். பிறகு சிலருக்குக் கடினமான வேலை, சிலருக்கு மனம் அலையும் அளவுக்கு எளிதான வேலை, சிலருக்கு ஓய்வு, சிலருக்கு இடைவேளையே இல்லை. திரும்ப அதே கேள்வியைக் கொடுத்தபோது எளிதான வேலை செய்தவர்கள்தான் அதிகம் முன்னேறியிருந்தார்கள். ஆனால் புதுக் கேள்வி கொடுத்தால் அந்த முன்னேற்றம் இல்லை. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நான்கு நாள் துணியை விரித்துப் பார்த்தது வீண் போகவில்லை அக்கா. கேள்வி முதலில் உள்ளே இறங்கியிருந்தது, அதனால்தான் கொக்கி வைக்கும் நேரத்தில் பதில் வந்தது.

---

வரவு செலவு

தம்பி, மனம் அலைந்தால் சந்தோஷம் போய்விடும் என்றும் ஆய்வு இருக்கிறதே? நானும் படித்திருக்கிறேன்.

---

நரம்பியல் வாசகன்

இருக்கிறது ஐயா, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேருக்கு நாளில் பல நேரங்களில் கைபேசி வழியாக, 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டார்கள். கேட்ட நேரத்தில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. இனிமையான நினைப்பில் இருந்தவர்கள்கூட, கையிலிருந்த வேலையில் மனம் வைத்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை.

ஆனால் அந்த நிமிடத்து மகிழ்ச்சியை மட்டும் வைத்து இதை எடைபோடக் கூடாது என்பது என் கருத்து. நாளைக்கு அம்மாவின் மருந்து தீர்ந்துவிடும் என்று மனம் ஓடினால் அது மகிழ்ச்சி தராது. ஆனாலும் அது தேவையான ஓட்டம். மனம் போய் வேலை செய்துவிட்டு வருகிறது.

---

ஸ்கூல் வேன்

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டும்போது வேண்டாம். பழகின ரோடுதான் ஆபத்து, கை கால் தானாக ஓட்டும், மனம் வீட்டுக்குப் போய்விடும். ஒரு பிள்ளையின் நிறுத்தத்தைத் தாண்டிப் போய், அது பையோடு பின்னாலேயே ஓடிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். கனவெல்லாம் வண்டியை நிறுத்தின பிறகுதான்.

---

மூடிய அறை

இந்தப் பேச்சில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எல்லோரும் நல்லதாகச் சொல்லும்போது இன்னொரு பக்கமும் இருக்க வேண்டும்.

எனக்கு 14 வயதில் ஆரம்பித்தது. காதில் ஹெட்போன் மாட்டி, பாட்டுப் போட்டு, அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடப்பேன். தலைக்குள் ஒரு கதை ஓடும். அதில் ஒரு குடும்பம், ஒரு ஊர், பெயரெல்லாம் உண்டு, வருடக்கணக்காக வளர்ந்த கதை. ஒரு மணி நேரம் என்று தொடங்கி ஒருநாளில் ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. கல்லூரி இரண்டாம் வருடம் நான்கு அரியர். தோழிகள் கூப்பிட்டால் போக மாட்டேன், கதையில் முக்கியமான கட்டம் நடந்துகொண்டிருக்கும். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

பிறகுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பதே தெரிந்தது. இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழகத்து உளவியலாளர் எலி சோமர் 2002இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் வாழ்க்கைக்கு ஒவ்வாத பகல் கனவு. ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். அவர் என் கனவைக் கேலி செய்யவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. "எப்போது தொடங்குகிறது, அதற்கு முந்தைய நிமிடம் என்ன உணர்ந்தாய்" என்று எழுதி வரச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது தெரிந்தது, வீட்டில் குரல் உயரும் ஒவ்வொரு முறையும் நான் ஹெட்போனை எடுத்திருக்கிறேன்.

அக்கா, உங்கள் மகனைக் கூப்பிட்டதும் திரும்பி வருகிறானா, வந்த பிறகு உங்களோடு இருக்கிறானா என்று பாருங்கள். எனக்குத் திரும்பி வரவே பிடிக்காமல் இருந்தது. அந்தக் கதையை இப்போதும் நான் முழுக்க விட்டுவிடவில்லை, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் எழுதுகிறேன். ஆனால் நான் நினைத்தபோது மூடிவைக்க முடிகிறது.

---

இரவுப் பணி

செவிலியராக ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பயப்படாமல் கேளுங்கள். பகல் கனவு என்று வீட்டில் நினைப்பது சில பிள்ளைகளுக்கு ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கை கால் இழுக்காது, கீழே விழாது. பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை சட்டென்று நின்று சில நொடிகள் வெறித்துப் பார்க்கும், இமை படபடக்கும், பிறகு ஒன்றும் நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவே போனது அதற்கே தெரியாது. ஒருநாளில் பல முறை வரலாம். கனவில் இருக்கும் பிள்ளையைத் தோளில் தொட்டால் திரும்பும், இதில் திரும்பாது. சந்தேகம் இருந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள், மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள், நல்ல மருந்து இருக்கிறது. இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் திட்டு வாங்கின ஒரு பெண் குழந்தையைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

---

கூடுவாஞ்சேரி அம்மா

எல்லோருக்கும் நன்றி. இரவுப் பணி சகோதரி, நீங்கள் எழுதியதும் இரண்டு நாள் கவனித்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறான், தொட்டால் திரும்புகிறான். இமை படபடப்பு இல்லை. இருந்தாலும் சனிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம், கண்ணையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வாத்தியார் ஐயா, ஆறு மாதத்துக்கு முன் என்ன என்று கேட்டீர்கள். என் அம்மா தவறி ஏழு மாதம் ஆகிறது. கடைசி ஒரு வருடம் எங்களோடுதான் இருந்தார். பள்ளி விட்டு வந்தால் இவன் நேராக அவர் கட்டிலுக்குத்தான் போவான். காரியமெல்லாம் முடிந்ததும் நாங்கள் கட்டிலைப் பிரித்து மாடியில் வைத்துவிட்டோம். அவன் அழவே இல்லை, அதனால் சின்னப் பிள்ளை, மறந்துவிட்டான் என்று நினைத்துவிட்டேன். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

---

அரக்கோணம் லோக்கல்

அம்மா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். பையனிடம் கேளுங்கள், ஆனால் "ஏன் பராக்கு பார்க்கிறாய்" என்று வேண்டாம். "அங்கே என்ன இருக்கிறது" என்று கேளுங்கள்.

நான் தினமும் திருநின்றவூர் வழியாக வேலைக்குப் போகிறவன். அந்த நிலையம் வரும்போதெல்லாம் பூசலார் நாயனார் நினைவு வரும். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பணம் தேடி அலைந்து, கிடைக்காமல் மனதிலேயே கட்டியவர். அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளைத்தான் காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னரும் குறித்திருந்தார். இறைவன் மன்னர் கனவில் வந்து, "நாளைக்கு நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள்" என்றார். மன்னர் தேடி வந்தால் அங்கே கோயிலே இல்லை. இன்று அந்த ஊரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது.

வரவு செலவு ஐயா, உங்கள் அச்சகத்துக்கும் பூசலார் கோயிலுக்கும் நடுவில் ஒரு வேறுபாடு எனக்குப் படுகிறது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சேக்கிழார் பாடும்போது பூசலார் நேராகக் கோபுரத்தைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. முதலில் பொருள் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடுகிறார், நல்ல நாள் பார்க்கிறார், அடித்தளம் போடுகிறார், அடுக்கடுக்காக ஏற்றுகிறார், தூபி நடுகிறார், சுதை பூசுகிறார், கிணறு தோண்டி மதில் எழுப்பிக் குளமும் வெட்டுகிறார். எல்லாம் மனதில்தான், ஆனால் ஒரு கல்லைக்கூட விட்டுவிடவில்லை. காப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளரும் இதைத்தான் வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார். கிடைத்துவிட்டதாக மட்டும் கற்பனை செய்தால் முயற்சி தளர்கிறது, நடுவில் வரும் தடையையும் சேர்த்துப் பார்த்தால் கை வேலைக்குப் போகிறது என்கிறார்.

எனக்கே நடந்தது. 11 வருடம் ரயில் ஜன்னலில் உட்கார்ந்து வீடு கட்டினேன். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், மாடிப்படிக்கு அடியில் என்ன வைக்கலாம், அப்பாவுக்கு மூட்டுவலி வந்தால் எந்த அறை என்று எல்லாம் பார்த்தேன். கடைசியில் அரை கிரவுண்ட் வாங்கியபோது மேஸ்திரி வரைபடம் கேட்டார். தாளே இல்லாமல் சுண்ணாம்புப் பொடியை எடுத்துத் தரையில் கோடு போட்டுக் காட்டினேன். கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை தெரிந்திருந்தது.

---

வரவு செலவு

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை தம்பி. நான் பெயர்ப்பலகையில்தான் தொடங்கினேன், நீங்கள் மழைத்தண்ணீரில் தொடங்கியிருக்கிறீர்கள். இன்று வீட்டுக்குப் போகும் வழியில் யோசிக்கிறேன்.

சகோதரி, கண்டியுங்கள் என்று முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

---

தையல் அக்கா

கூடுவாஞ்சேரி தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். பால் பொங்கும்போது போன் பார்ப்பதாக எழுதியிருந்தாய். நானும் ஆறு மாதம் கொக்கி வைக்கும்போது போனில் சீரியல் ஓடவிட்டுப் பார்த்தேன். வேலை அலுப்பில்லாமல் போனது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் புதிதாக ஒரு கழுத்து டிசைன்கூட என் மனதில் வரவில்லை. இப்போது மத்தியானம் இரண்டு மணி நேரம் போன் அலமாரிக்குள் இருக்கும். முதல் நாள் கை பரபரத்தது, மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. நீயும் பையனோடு சேர்ந்து கொஞ்ச நேரம் சும்மா உட்காரு.

---

கூடுவாஞ்சேரி அம்மா

மருத்துவரைப் பார்த்தாயிற்று. வலிப்பு எதுவும் இல்லை என்றார். கண்ணில் கொஞ்சம் பவர் இருக்கிறது, கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறோம்.

நேற்று மாலை போனை உள்ளே வைத்துவிட்டு அவனோடு மொட்டைமாடியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அரக்கோணம் லோக்கல் சகோதரர் சொன்ன மாதிரியே கேட்டேன்: "ஸ்கூல் ஜன்னலுக்கு வெளியில என்ன இருக்கு?"

தண்ணீர்த் தொட்டியும் வேப்பமரமும் இருக்கிறதாம். தொட்டியிலிருந்து மரம் வரை ஒரு ரயில் பாதை போட்டிருக்கிறானாம். என் கையிலிருந்த மளிகைச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினான். ஒன்பது நிலையங்கள். எங்கே பாலம், எங்கே லெவல் கிராசிங், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று எல்லாம் இருக்கிறது. மழை வந்தால் நான்காம் நிலையத்தில் தண்ணீர் தேங்குமாம், அதற்காகப் பாதையைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கிறான். எல்லா நிலையத்திலும் வண்டி ஒரு நிமிடம் நிற்கும். ஏழாவதில் மட்டும் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தான். பெயரைப் பார்த்தேன், என் அம்மாவின் ஊர்.

"இங்க மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?" என்றேன்.

"அம்மாச்சி மெதுவாத்தானேம்மா ஏறும்" என்றான்.